வெண்ணெய்க்கு ஆகாத எண்ணெய்

கம்பெனியில் அவனுக்குச் சொட்டு என்று பெயர். தலைமுடியைப் பார்த்து வைத்த பெயர் என்று யாரும் அவசரப்பட வேண்டாம். அவன் தலையில் முடி தேவைக்கு மேலேயே இருக்கிறது. அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்த இடத்துக்கு எவ்வளவு எண்ணெய் விடுவது என்று கேட்டால் மற்ற மெக்கானிக்குகள் "கொஞ்சம் விடு" என்பார்கள், இல்லாவிட்டால் "நல்லா ஊத்து" என்பார்கள். இவன் மட்டும் "ஒரு சொட்டு", "ரெண்டு சொட்டு" என்று கண்ணுக்கு மருந்து எழுதும் டாக்டர் மாதிரிப் பேசுவான். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

மற்றவர்கள் வீட்டுக் குளியலறை வாசல் அலமாரியில் சீப்பும் பவுடரும் தைலமும் இருக்கும். இவன் வீட்டில் அதன் மேல்தட்டு முழுக்க எண்ணெய்ப் புட்டியும் கிரீஸ் டப்பாவும்தான். தையல் மிஷினுக்கு ஒன்று, கதவுக் கீலுக்கு ஒன்று, மகளின் சைக்கிள் செயினுக்கு ஒன்று. பூட்டுக்குள் ஊதுவதற்கு ஒரு கறுப்புப் பொடிகூட உண்டு. அந்த வீட்டில் எந்தக் கிறீச்சும் மறுநாள்வரை தாக்குப் பிடித்ததில்லை.

அப்பேர்ப்பட்டவனை ஒரு கிரிப்பர் மண்ணைக் கவ்வ வைத்தது.

அவன் மனைவி ஒரு பேக்கரியில் கேக் அலங்காரம் செய்கிறவள். பையில் கிரீமை அடைத்து, வலது கையால் ஒரே சீராகப் பிதுக்கி, கேக்கின் ஓரம் முழுக்கச் சங்கு சங்காக வரிசை வைப்பாள். முதல் சங்குக்கும் கடைசிச் சங்குக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. பார்க்கிறவர்களுக்கு அது பூவேலை மாதிரித் தெரியும். செய்கிறவளுக்குத்தான் தெரியும், அது துணி பிழிகிற வேலை என்று. மழைநாளில் பஸ் படியில் இறங்கும்போது கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, பலம்தான் போன இடம் தெரியவில்லை. டீ கிளாஸைத் தூக்கக்கூட இரண்டு கை வேண்டியிருந்தது.

பேக்கரி முதலாளியம்மா நல்ல மாதிரிதான், ஆனால் ஈவு இரக்கத்தையெல்லாம் அளந்து போடுகிறவர். போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார். "உன் இடத்தை நான் யாருக்கும் குடுக்கல. கை சரியானதும் வந்து ஒரு கேக்கை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் நீயே முடிச்சுக் காட்டு. முடியலன்னா வெக்கப்படாத, பில் போடற சீட் காலியா இருக்கு, அங்க உட்கார்ந்துக்கோ."

பில் போடுகிற இடத்தில் ஒன்றும் குறைச்சலில்லை. மின்விசிறிகூட அங்கேதான் இருக்கிறது. ஆனால் மனைவி அதைக் கேட்டு அழுதாள். அவன் கல்யாணமான நாளிலிருந்து அவள் அழுது அதிகம் பார்த்ததில்லை. "அடுத்தவங்க செஞ்ச கேக்கைப் பெட்டியில போட்டு நூல் கட்டிக்கிட்டு என்னால உட்கார முடியாதுங்க" என்றாள்.

பிசியோதெரபி மேடம் முதலில் மெத்தென்ற பந்து கொடுத்தார். அது பழகியதும், "இனிமே கிரிப்பர் வாங்கிக்குங்க" என்றார். இரண்டு கைப்பிடி, அவற்றைச் சேர்க்கும் ஒரு சுருள் கம்பி. அழுத்தி மூடுவது, விடுவது, மறுபடி மூடுவது, அவ்வளவுதான் சாமான். வாங்கவேண்டிய தேவை வரவில்லை. அவளுடைய தம்பியிடம் ஒன்று இருந்தது. மச்சினனும் அதே லிஃப்ட் கம்பெனியில்தான் வேலை. ஒரு காலத்தில் உடம்பை இரும்பாக்குகிறேன் என்று கிளம்பி, ஜிம்முக்குச் சேர்ந்து, கண்ணாடி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, அத்தோடு திரும்பி வந்தவன். கட்டிலுக்கு அடியில் கிடந்த கிரிப்பரைத் துடைத்துக் கொண்டுவந்து, "அக்கா, இதை ஒரு தடவை முழுசா மூடிட்டா நீ தேறிட்டேன்னு அர்த்தம். நான் மூடினதே இல்ல" என்று கொடுத்தான்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு புது அளவுமுறை வந்தது. அவள் முழுபலத்தோடு அழுத்தும்போது இரண்டு கைப்பிடிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி மிச்சம் என்று மகள் பார்த்துச் சொல்வாள். பேக்கரிக்காரி வீட்டில் ஸ்கேலா தேடுவார்கள்? முதலில் ஒரு ரஸ்க் போகிற அளவு இடைவெளி இருந்தது. கொஞ்ச நாளில் பிஸ்கெட் அளவுக்கு வந்தது. "அம்மா, இன்னைக்குக் கிரீம் பிஸ்கெட் போகல, சாதா பிஸ்கெட்தான் போகுது" என்று மகள் சொன்ன அன்று வீடே சிரித்தது. அப்புறம் வேஃபர். வேஃபரிலேயே வண்டி நின்றுவிட்டது.

அவன் காதில் விழுந்ததோ வேறு விஷயம். கிறீச். விடும்போது ஒரு கிறீச், பிடிக்கும்போது ஒரு கிறீச். பல்லில் மணல் அகப்பட்ட மாதிரி இருந்தது அவனுக்கு.

"காலையில இதைக் கவனிக்கிறேன்" என்றான்.

"வேண்டாங்க, சத்தம்தானே. போட்டுட்டுப் போகட்டும்."

எண்ணெய் விஷயத்தில் வேண்டாம் என்ற சொல் அவன் காதுக்குள் ஏறியதாகச் சரித்திரம் கிடையாது. மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் கிரிப்பரை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதருகே வைத்துக் கேட்டான். சுருளின் ஒரு வளையம் அடுத்த வளையத்தோடு உரசுகிறது. கம்பி கைப்பிடிக்குள் நுழையும் இடத்திலும் லேசாக அசைவு. தையல் மிஷின் எண்ணெய், வளையத்துக்கு நடுவே ஒரு சொட்டு, நுழைகிற இடத்தில் அரைச் சொட்டு. சில தடவை அழுத்தி உள்ளே இறக்கி, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தான். மரக் கைப்பிடியில் ஒரு பொட்டுகூடப் படாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டான். பிடிக்கிற இடத்தில் எண்ணெய் ஆகாது. லிஃப்டையே கயிறு தூக்குவது சக்கரத்தின் மேல் உள்ள பிடிப்பால்தான், அங்கே எவனாவது வழவழவென்று தடவி வைத்தால் சொட்டு ஆடித் தீர்த்துவிடுவான்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தான். படியேறும்போதே கேட்டது. கிறீச்.

மெல்லிசு எண்ணெய், நிற்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டான். மறுநாள் கீலுக்கு விடும் கெட்டி எண்ணெய். சாயங்காலம் கிறீச். அதற்கடுத்த நாள் குழாயிலிருந்து புஸ்ஸென்று அடிக்கும் ஸ்ப்ரே. அது துருவை இளக்கத்தான் லாயக்கு, உயவுக்கு ஆகாது என்று அவனே ஊருக்கெல்லாம் உபதேசம் செய்வான், ஆனாலும் அடித்துப் பார்த்தான். சாயங்காலம் கிறீச். சமையல் எண்ணெயை மட்டும் அவன் தொடவில்லை. அது நாளாவட்டத்தில் பிசின் மாதிரி இறுகிக்கொள்ளும், மகள் அதைச் சிபாரிசு செய்தபோது அவளை ஒரு பார்வை பார்த்தான்.

பூட்டுக்குப் போடும் கறுப்புப் பொடியை ஊதிய அன்றுதான் வம்பாகிவிட்டது. மனைவி கிரிப்பர் முடிந்ததும் பழக்கம் விடக்கூடாது என்று பையில் மசித்த உருளைக்கிழங்கை அடைத்து, தட்டின் முதுகில் சங்கு வரிசை வைத்துப் பார்ப்பாள். அன்று வெள்ளை மசியல் மேல் கறுப்பு விரல் ரேகை. அவள் விரலை மூக்கருகே கொண்டுபோய், முகத்தைச் சுளித்து, எழுந்துபோய்க் கை கழுவினாள். கறுப்பு ஒட்டியது பிடிக்கவில்லை என்று அவன் அர்த்தம் பண்ணிக்கொண்டான். பொடியை அலமாரியில் பழைய இடத்தில் வைத்துவிட்டான்.

விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதையாக நடந்தது. அவன் காலையில் எண்ணெய் விடுவான், அது சாயங்காலம் சத்தம் போடும். அதுமட்டுமில்லை, ஒவ்வொரு நாளும் துணியில் ஒற்றினால் சிவப்பாகப் பொடி வந்தது. லிஃப்ட் கயிற்றில் அப்படிச் சிவப்புப் பொடி வந்தால் உள்ளே எண்ணெய் வற்றி இழை உரசுகிறது என்று அர்த்தம். கயிற்றில் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான். ஆனால் இதில் தினமும் அவனே எண்ணெய் விடுகிறானே, எப்படி வற்றும்?

ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இதை மச்சினனிடம் சொல்லி மாய்ந்தான்.

"எண்ணெய் உள்ள போகவே மாட்டேங்குது மாப்ள. போனாலும் நிக்க மாட்டேங்குது. இப்படி ஒரு கம்பியை நான் பார்த்ததே இல்ல."

"மாமா, பேசாம புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்களேன்."

"காய்ச்சல்னு வந்தவனுக்குப் பதிலா வேற ஆளைக் கொண்டு வந்து நிறுத்தறதுக்குப் பேர் வைத்தியமாடா?"

"இருபது மாடி லிஃப்ட் எல்லாம் உங்க பேச்சைக் கேக்குது. எங்க அக்கா கையில இருக்கிறது எதுவும் உங்க பேச்சைக் கேக்காது போல." மச்சினன் சிரித்துவிட்டு ஊறுகாயை அவன் பக்கம் நகர்த்தினான்.

அன்று சாயங்காலம் கடைக்குப் போய், பெரிய பாரம் தாங்கும் இடங்களுக்குப் பூசுகிற கரும்பச்சைக் கிரீஸ் ஒரு சின்ன டியூப் வாங்கினான். மழையில் கரையாது, வெயிலில் உருகாது. மறுநாள் காலை அதைக் குச்சி முனையில் எடுத்துச் சுருளின் ஒவ்வொரு வளையத்துக்கும் நடுவே பூசி, அழுத்தி அழுத்தி உள்ளே இறக்கினான். பிடித்தால் பிடித்ததே தெரியவில்லை. சத்தமே இல்லை. "இப்ப எங்கடா போவே?" என்று கிரிப்பரிடம் கேட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

மதியம் போன் வந்தது. மனைவி.

"என்னங்க, மூடிட்டேன்."

"எதை?"

"கிரிப்பரைங்க. முழுசா. ரெண்டு கட்டையும் டக்குன்னு முட்டிச்சு. வேஃபர் இல்ல, காகிதம்கூடப் போகாது. ரெண்டு தடவை பண்ணிட்டேன்." குரல் சின்னப் பிள்ளை குரல் மாதிரி இருந்தது. "முதலாளியம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன். நாளன்னிக்குக் காலையில வரச் சொல்லிட்டாங்க."

போனை வைத்து, பக்கத்தில் இருந்த மச்சினன் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். கையைத் தோளிலிருந்து எடுக்கும்போதுதான் விரல் இடுக்கில் ஒட்டியிருந்த கரும்பச்சை கண்ணில் பட்டது.

இத்தனை நாள் வேஃபரில் நின்றது, கிரீஸ் பூசிய அன்றே மூடியது. மூடியது அவள் கையா, அவன் கிரீஸா?

சாயங்காலம் வீட்டுக்குப் போனான். சத்தமில்லை. கிரிப்பர் துண்டில் சுற்றி அலமாரிக்குள் இருந்தது. மனைவி கையில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள், முகம் முழுக்க வெளிச்சம்.

"எங்க, ஒரு தடவை பண்ணிக் காட்டேன்" என்றான் மெதுவாக.

"இன்னைக்கு வேண்டாங்க. கை களைச்சுப் போச்சு. மேடமும் கேக் பண்ற அன்னைக்கு வரைக்கும் ரெஸ்ட் குடுக்கச் சொல்லிட்டாங்க."

அவனுக்குப் படுத்தும் தூக்கம் வரவில்லை. அவன் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு: எடை ஏற்றிப் பார்க்காத லிஃப்டில் ஆளை ஏற்றக்கூடாது. மேலே போகும்வரை ஒன்றும் தெரியாது, நடுவில் நின்றால்தான் தெரியும். அவள் நாளை மறுநாள் எல்லார் முன்னாலும் பையைக் கையில் எடுப்பாள். பாதி ஓரம் போனதும் கை நின்றுவிட்டால்? முதல் பாதிச் சங்கு ஒரு மாதிரியும் மீதிப் பாதி ஒரு மாதிரியும் ஆகிவிட்டால்? அப்புறம் நேரே பில் போடும் நாற்காலிதான். தோற்பதானால் வீட்டில் தோற்கட்டும், இன்னும் ஒரு மாதம் பயிற்சி செய்யட்டும். ஆனால் அவள் முகத்து வெளிச்சத்தை அணைக்கிற வாய் அவனுடையதாக இருக்க வேண்டுமே என்று நினைக்கும்போது அவனுக்கு அழுகை வந்தது.

காலையில் மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னான். பூசி மெழுக அவனுக்குத் தெரியாது, அவன் மெழுகுவதெல்லாம் இயந்திரத்தைத்தான்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நேத்து காலையில அதுக்கு ஒரு கிரீஸ் போட்டேன். ரொம்ப ஒசத்தியான கிரீஸ். அது போட்டா எந்தக் கம்பியும் லேசாயிடும். அதனாலதான்..." நிறுத்தினான். "முதலாளியம்மாகிட்ட சொல்லி இன்னும் கொஞ்ச நாள் கழிச்சுப் போயேன்."

மனைவி கிளாஸைக் கீழே வைத்தாள். வலது கையால்தான் வைத்தாள்.

"அப்ப மூடினது என் கை இல்ல. உங்க கிரீஸ்."

"நான் அப்படிச் சொல்லல..."

"அப்படித்தான் சொல்றீங்க."

மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு டீயை உறிஞ்சினாள். சிரிப்பை அடக்குகிறாளோ என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. மனைவி எழுந்து போனாள். சமையலறையில் சிங்குக்கு அடியில் உருட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது ஒரு கையில் துண்டில் சுற்றிய கிரிப்பர், இன்னொரு கையில் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் மயிர் சிலும்பிப்போன பழைய பல் பிரஷும். மூன்றையும் அவன் முன்னால் வைத்தாள்.

"பிரிச்சுப் பாருங்க."

பிரித்தான். கரும்பச்சை ஒரு துளிகூட இல்லை. சுருள் வறண்டு, வளையத்துக்கு நடுவெல்லாம் சிவப்புத் துரு. விரலால் தடவினால் சொரசொரத்தது.

"கிரீஸ் எங்க?"

"சிங்க்ல போச்சு. நேத்து நீங்க படி இறங்கின உடனேயே."

"நேத்து மட்டுமா?"

"டெய்லிப்பா" என்றாள் மகள். "நீங்க போடுவீங்க, அம்மா கழுவுவாங்க. அந்தக் கறுப்புப் பொடி மட்டும்தான் சோப்புக்கு முழுசாப் போகல. இன்னைக்கு எந்த எண்ணெய்னு நானும் அம்மாவும் மோந்து பார்த்துக் கண்டுபிடிப்போம்."

தினமும் சோப்புத் தண்ணீரில் குளித்த இரும்பு துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? துணியில் வந்த சிவப்புப் பொடி தினமும் அவனிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கயிற்றில் கண்டுபிடிக்கிறவன் வீட்டில் கோட்டைவிட்டான். கிரிப்பரைக் கையில் எடுத்து அழுத்தினான். அவன் கையே தயங்கியது. தன் பலத்தையெல்லாம் கூட்டித்தான் மூட முடிந்தது. நாள் ஆக ஆக அது லேசாகவில்லை, முரடாகிக்கொண்டே வந்திருக்கிறது. வேஃபரில் நின்றது அவள் கை நின்றதால் இல்லை. அவள் கை ஏற ஏறக் கம்பியும் கூடவே ஏறியிருக்கிறது.

மனைவி அதை அவனிடமிருந்து வாங்கினாள். ஓய்வு கொடுக்கச் சொன்னதையெல்லாம் அப்போது அவள் நினைக்கவில்லை. வலது கையில் பிடித்து, பல்லைக் கடித்து, ஒரே பிடியாக அழுத்தினாள். நீளமாக ஒரு கிறீச், கடைசியில் டக். கட்டையோடு கட்டை முட்டியது.

"இது என் கை" என்றாள்.

அவன் தலை தானாகக் குனிந்தது. வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும் பெரிய பாரம் இறங்கிய மாதிரியும் இருந்தது.

"கழுவறேன்னு முதல் நாளே சொல்லியிருக்கலாமே. நான் எத்தனை கடை ஏறி இறங்கினேன் தெரியுமா?"

அவள் சற்று நேரம் பல் பிரஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு மிஷின் எண்ணெய் வாசனை கையில இருந்தா ஆகாதுங்க. கிரீம் எந்த வாசனையையும் இழுத்துக்கும். விரல்ல ஒட்டினா லேசுல போகாது. ஆனா அந்த வாசனையோடதானே நீங்க தினம் வீட்டுக்கு வர்றீங்க. அது பிடிக்கலன்னு சொன்னா உங்களைச் சொல்ற மாதிரி ஆயிடுமேன்னு..."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அப்ப என் மேல அடிக்கிறது?"

"உங்க மேல இருந்தாப் பிடிக்கும். வெண்ணெய் மேல இருந்தாப் பிடிக்காது. போதுமா?"

மகள் ஸ்கூல் பையைத் தூக்கிக்கொண்டு, "நான் கிளம்பறேன், நீங்க பேசுங்க" என்று நழுவினாள்.

மறுநாள் காலை அவளைப் பேக்கரி வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போகவேண்டியவன், போகவில்லை. ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு எதிர்ச்சாரியில் மூடிக்கிடந்த ஒரு கடையின் படியில் நின்றான். பேக்கரியின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. கேக் வேலையை வாடிக்கையாளர்கள் பார்க்கட்டும் என்று அலங்கார மேசையைக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள்.

உள்ளே போகும் கதவருகே முதலாளியம்மா நின்றிருந்தார். வேலைக்கு வந்த ஒவ்வொருவரும் அவர் முன்னால் நின்று இரண்டு கையையும் நீட்டினார்கள். அவர் குனிந்து ஒவ்வொரு கையையும் மோந்து பார்த்தார். சோப்பு வாசனை பலமாக இருந்ததோ, சிகரெட்டோ, ஒரு ஆளைத் திரும்பிப் போய்க் கழுவிவரச் சொன்னார். அந்த ஆள் மறுபேச்சுப் பேசாமல் போனான். இத்தனை வருஷமாக மனைவி இங்கே வேலை செய்கிறாள், இப்படி ஒரு வழக்கம் உண்டு என்று அவனுக்குத் தெரியாது. அவனும் கேட்டதில்லை. அவள் முறை வந்தது. நீட்டினாள். முதலாளியம்மா வலது கையைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்து வைத்திருந்து மோந்தார். படியில் நின்றவனுக்குக் கிரீஸ் ஞாபகம் வந்தது. அந்தக் கரும்பச்சைக் கிரீஸ், மழையில் கரையாது, வெயிலில் உருகாது. அது அவள் விரலில் ஒட்டியிருந்தால், கேக் மேசைவரைக்கும்கூட அவள் போயிருக்க முடியாது. அவளைப் பில் நாற்காலிக்கு அனுப்பியவன் அவனாக இருந்திருப்பான்.

முதலாளியம்மா கையை விட்டார், உள்ளே போகச் சொல்லித் தலையசைத்தார்.

வெள்ளைக் கிரீம் பூசிய வட்டக் கேக், சுழலும் தட்டின் மேல். இடது கையால் தட்டைத் திருப்பிக்கொண்டே வலது கையால் அவள் பையைப் பிதுக்கினாள். சங்கு, சங்கு, சங்கு. பாதி சுற்று தாண்டியதும் நிறுத்தினாள். பையைக் கீழே வைத்து, கையை உதறி, விரல்களை மடக்கி நீட்டினாள். முதலாளியம்மா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்து மேசைக்காரர்கள் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். அவன் தன்னையறியாமல் வலது கையை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான், எதிர்ச்சாரியில் நின்று தானும் பிதுக்கிவிடுகிறவன் போல. அவள் பையை எடுத்தாள். மறுபடி சங்கு. முதல் சங்குக்குப் பக்கத்தில் கடைசிச் சங்கு போய் உட்கார்ந்தது.

முதலாளியம்மா தட்டை மெதுவாக ஒரு முழுச் சுற்றுத் திருப்பிப் பார்த்தார். பாராட்டு, கைகுலுக்கல் ஒன்றும் கிடையாது. அந்தக் கேக்கைத் தூக்கி ஒதுக்குப்புறம் வைத்துவிட்டு, பின்னால் போய், அலங்காரம் செய்யாத இன்னொரு கேக்கைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். மனைவி குனிந்து அடுத்த பையை நிரப்ப ஆரம்பித்தாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனான். அன்று மச்சினன் என்ன கேலி செய்தாலும் சிரித்தான்.

சாயங்காலம் அவனுக்கு முன்பே அவள் வீட்டுக்கு வந்திருந்தாள். மேசைமேல் கிரிப்பர், பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு சின்னப் புட்டி, உள்ளே தண்ணீர் மாதிரித் தெளிவாக ஏதோ.

"இது என்ன?"

"மாவு பிசையற மிஷினுக்கு நாங்க விடற எண்ணெய். வாசனையே கிடையாது. மாவுல ஒரு சொட்டு விழுந்து, யாராவது தின்னாலும் ஒண்ணும் ஆகாதாம். முதலாளியம்மாகிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன். கை இன்னும் வலுக்கணும், கிரிப்பரை விடாதன்னு சொன்னாங்க." கொஞ்சம் நிறுத்தி, "துரு வாசனையும் நல்லால்லங்க" என்றாள்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான். புட்டியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான், மூடியைத் திறந்து மோந்தான், இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தான். அடுத்தவர் சிபாரிசு செய்த எண்ணெயை அவன் வாழ்க்கையில் தொட்டதில்லை. நல்ல எண்ணெய்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. துருவைப் பிரஷால் தேய்த்து எடுத்து, உலரத் துடைத்து, சுருளுக்கு ஒரு சொட்டு, நுழைகிற இடத்தில் அரைச் சொட்டு விட்டான்.

மனைவி வாங்கி அழுத்தினாள். சத்தமில்லை. கட்டையோடு கட்டை பட்டும் படாமல் போய்ச் சேர்ந்தது. காலையெல்லாம் வேலை செய்த கைதான், ஆனாலும் அவள் சிரமப்பட்டதாகத் தெரியவில்லை.

"அடப்பாவமே, இது இவ்வளவு லேசா" என்றாள். "அடுத்த சைஸ் வாங்கிட்டு வாங்க."

"வாங்கிட்டு வர்றேன். எண்ணெய் நீயே விட்டுக்கோ."

அவள் சிரித்தாள். பிறகு, முதலாளியம்மா செய்கிற மாதிரியே அவனைக் கை நீட்டச் சொன்னாள். புட்டியைத் தொட்ட கையை முதலில் எடுத்து மோந்தாள். அவள் தேடிய வாசனை வரவில்லை போலும், புருவத்தைச் சுருக்கினாள். அதை விட்டுவிட்டு, பகலெல்லாம் லிஃப்டின் வயிற்றுக்குள் கிடந்து கறுத்திருந்த இன்னொரு கையை எடுத்து முகத்தருகே வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"இதுதான்" என்றாள்.